படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர்

நாவல் என்பது கண்ணால் படிக்கத்தக்கதே என்றும், அதைக் காதால் கேட்பது சோம்பேறிகளின் வழக்கம் என்றும் கற்றோருள் சிலர் இகழ்ந்து பேசுகின்றனர். இவ்வெண்ணம் சரித்திரத்துக்குச் சிறிதும் பொருந்தாது என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார நோக்குடன் ரப்பர் பயிரிடுதல் அங்கேதான் தொடங்கிற்று. அதன் பின் எழுந்த தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் பாட்டாளி மக்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அஃது அவர்தம் குற்றமன்று. கல்வியை ஒரு சிலருக்கே உரிமையாக்கி வைத்த சமூகத்தின் குற்றமாகும். ஆயினும் அவர்கள் கதையின்றி வாழ்ந்தாரில்லை. பால் வெட்டிக் களைத்த கைகள் ஓய்ந்திருக்கும் இரவு வேளையில், எழுத்தறிந்த ஒருவர் லயத்து விளக்கருகே அமர்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகத்தோடு படிப்பார். நல்லதங்காளின் துயரத்தையும் தேசிங்குராஜனின் வீரத்தையும் ஆணும் பெண்ணும் சூழ்ந்திருந்து கேட்பர்.

பிற நாட்டுத் தொழிலாளரும் இவ்வாறே செய்தனர். கியூபாவின் ஹவானா நகரில், 1865ஆம் ஆண்டில், சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் ஈந்து வாசிப்பாளர்களை அமர்த்திக்கொள்ளலாயினர். கைகள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, காதுகள் பத்திரிகையையும் நாவலையும் கேட்டன. மறு ஆண்டே ஆட்சியாளர் இதற்குத் தடை விதித்தனர். ஏன்? கேட்பவன் சிந்திக்கத் தொடங்குவான். சிந்திப்பவன் நியாயம் கேட்பான் என்னும் அச்சமேயன்றி வேறென்ன?

பின்னர் இயந்திரம் இத்தொண்டை ஏற்றது. 1877இல் எடிசன் குரலைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோர்க்கெனப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் முதல் வெளியீடுகளில் இடம்பெற்றது. நம் நாட்டில் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மலாயா வானொலி தோன்றியது. அதன் தமிழ்ப் பகுதி காலப்போக்கில் நாடகங்களையும் நம் வீடுகளுக்குக் கொணர்ந்தது.

இன்று கைப்பேசியிலேயே நாவல் கேட்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனைப் பாம்பே கண்ணன் அவர்கள் பல நடிகர்களின் குரலில் ஒலிநூலாக்கினார். அதில் ஒவ்வொரு பாத்திரமும் தனிக்குரலில் பேசக் கேட்கலாம். தீபிகா அருண் அம்மையார் ‘கதை ஓசை’யின் வாயிலாகத் தாமே கதைகளை வாசித்து வழங்குகிறார். முன்னது நாடகத்தின் சுவையுடையது. பின்னது லயத்து விளக்கருகே ஒருவர் படிக்கக் கேட்பதை ஒத்தது. எந்தக் குரல் தன்னை மறைத்துக் கதையை முன்னிறுத்துகிறதோ, அதுவே நல்ல வாசிப்பாளரின் குரல் என்று அறிக.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். மலாய், ஆங்கிலக் கல்வியே பெற்ற பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் பேசினால் விளங்கும், எழுத்தோ விளங்காது. எழுத்தறியாத பாட்டனுக்கு வாய்த்த வழியே இப்பேரனுக்கும் ஏற்றதாகும்.

ஆனால் அவன் சோழர் கதையை மட்டும் கேட்டால் போதுமா? 1917இல் வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன்’ இந்நாட்டுத் தமிழ் நாவல்களுள் முதலாவதெனக் கூறப்படுகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் நூலாயிற்று. இத்தகைய கதைகளை, பிரட்டும் லயமும் பால்வாளியும் இன்னவென்று அறிந்த குரல்கள் படிக்கவேண்டும். அக்குரல் உடையோர் மூப்பெய்தி வருகின்றனர். ஆகவே, தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம் வீட்டில் வாரம் ஓரிரவேனும் ஒரு கதையை உரக்கப் படிப்பாராக. இளைஞர்கள் அதைப் பதிந்து காப்பாராக. இதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. மனம் இருந்தாற் போதும்.