சம்பளத்தோட சாஃப்ட்வேர் டிகிரி... கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கவனிங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் ஆரம்பிக்கிற முதல் பேச்சே, ‘ஃபீஸுக்கு என்ன பண்றது?’ என்பதுதான். கவுன்சலிங்கில் சீட் கிடைத்தாலும் ஹாஸ்டல், பஸ், லேப்டாப் என்று செலவு வரிசைகட்டி நிற்கும். ‘வேலைக்குப் போயிட்டே படிச்சா என்ன?’ என்று யோசிக்கிறீர்களா? கையில் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டே கம்ப்யூட்டர் டிகிரி முடிக்க இன்றைக்குச் சில வழிகள் இருக்கின்றன. ஆனால், ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு இறங்கினால் லாபம் உங்களுக்குத்தான்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு...

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவது ஹெச்.சி.எல். நிறுவனத்தின் ‘டெக்பீ’ திட்டம். ஐ.டி. பிரிவுக்கு ப்ளஸ் டூ-வில் கணிதம் அல்லது வணிகக் கணிதம் படித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு, நேர்காணல் உண்டு. தேர்வானால் சுமார் ஒரு வருடம் பயிற்சி. அதன் பிற்பகுதியில், நிறுவனத்தின் புராஜெக்ட்டிலேயே வேலை பழகும்போது உதவித்தொகை கிடைக்கும். பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால் அங்கேயே முழுநேர வேலை. வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்கலாம்.

இதில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகவும் இதற்குத் தேர்வு நடத்தப்பட்டிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்தை தாட்கோவே ஏற்றுக்கொண்ட அறிவிப்புகளும் வந்திருக்கின்றன. கடன் வாங்குவதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியரிடமும், மாவட்ட தாட்கோ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு...

விப்ரோவின் வேலையோடு இணைந்த கல்வித் திட்டத்தில், பட்டம் முடித்து வருபவர்களை எடுத்து, நிறுவனச் செலவில் எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். முழுச் சம்பளத்துக்குப் பதிலாக வருடத்துக்கு வருடம் ஏறும் உதவித்தொகை. 60 மாத ஒப்பந்தம் உண்டு. சேரும்போது தரப்படும் போனஸை, இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கு ஏற்பத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

கல்லூரிக்குள்ளேயே அப்ரன்டிஸ்ஷிப்!

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று வருடப் பட்டப்படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர்கள் வரை நிறுவனத்தில் தொழில் பழகுநராக இருக்கலாம். அதற்கும் கிரெடிட் உண்டு, உதவித்தொகையும் உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரியில் இந்த வசதி இருக்கிறதா என்று அட்மிஷன் சமயத்திலேயே கேளுங்கள்.

டிகிரியா, வெறும் சான்றிதழா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஆகலாம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் ப்ளஸ் டூ-வுக்குப் பிறகு வேலையோடு கிடைப்பது பெரும்பாலும் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி.தான், பி.இ. அல்ல. தொலைநிலையில் இன்ஜினீயரிங் பட்டம் நடத்த அனுமதி இல்லை. யாராவது ‘வீட்டிலிருந்தே பி.இ.’ என்றால் உஷாராகிவிடுங்கள்.

அதற்காக பி.சி.ஏ. மட்டம் என்று நினைக்க வேண்டாம். முறையான அனுமதி பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள், நேரடியாகப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று நாளைக்கு மனசு மாறினாலும் கைகொடுக்கும். நீங்கள் சேரும் படிப்பு, சேரும் வருடத்தில் யு.ஜி.சி.-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஸோஹோவின் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையோடு நல்ல பயிற்சி கிடைக்கும், வேலையும் கிடைக்கும். ஆனால் அங்கே டிகிரி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்ரன்டிஸ் என்றால் ஊழியர் இல்லையா?

1961-ம் வருடத் தொழில் பழகுநர் சட்டப்படி, அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், ஊழியர் அல்ல. அதனால் பி.எஃப். பிடித்தம் இருக்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. எனவே, ஆஃபர் லெட்டரில் ‘அப்ரன்டிஸ்’ என்று இருக்கிறதா, ‘டிரெய்னி ஊழியர்’ என்று இருக்கிறதா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

‘பாண்டு எல்லாம் கோர்ட்ல செல்லாதுப்பா...’

இப்படிச் சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். நம்ப வேண்டாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் யோசியுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? சான்றிதழில் என்ன பெயர் இருக்கும்?
2. பல்கலைக்கழகக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? முழுவதுமா, பாதியா?
3. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? வெளியூர் என்றால் வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும்?
4. இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? டிகிரி என்ன ஆகும்?
5. தேர்வு நேரத்தில் லீவு உண்டா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பகலில் ஷிஃப்ட், ராத்திரியில் அசைன்மென்ட், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று மூன்று, நான்கு வருடம் ஓடும். நண்பர்கள் கல்லூரி டூர் ஃபோட்டோ போடும்போது நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். சில பிள்ளைகள் வேலையைப் பிடித்துக்கொண்டு படிப்பை விட்டுவிடுவதும் நடக்கும். பெற்றோர்களே, சம்பளம் வருகிறதே என்று வீட்டுப் பாரத்தை எல்லாம் முதல் மாதமே அந்தத் தோளில் ஏற்றிவிடாதீர்கள். அந்தப் பட்டம் கைக்கு வரும்வரை உங்கள் பிள்ளை இன்னும் மாணவர்தான்!