அகலப் பலகையைச் சிராய் இல்லாமல் வெட்ட: தண்டவாள ரம்பம் வாங்கும் முன் அறிய வேண்டியவை

சமையலறை கேபினட், துணி அலமாரி, புத்தக அடுக்கு, பூஜை மாடம் என வீடுகளில் இன்று நடக்கும் மரவேலையில் பெரும்பகுதி அகலப் பலகையில்தான் நடக்கிறது. பிளைவுட், எம்.டி.எஃப்., மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் ஆகியவை நம் கடைகளில் பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 மி.மீ.க்கு 1220 மி.மீ. அளவில் கிடைக்கின்றன. 18 மி.மீ. தடிப்புள்ள ஒரு முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை ஓர் ஆள் தனியாகத் தூக்கி, மேசை ரம்பத்தின் மேல் தள்ளி, கோணாமல் வெட்டுவது கடினம். வெட்டு கோணினாலோ விளிம்பு பிய்ந்தாலோ அந்தப் பலகை வீண். சிறிய வேலை எடுத்துச் செய்பவருக்கு ஒரு பலகையின் விலை அன்றைய இலாபத்தையே விழுங்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கான கருவிதான் தண்டவாள ரம்பம். கடைகளில் இதை ‘டிராக் சோ’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பலர் ரம்பத்தின் பெயரையும் வாட்டையும் பார்த்து வாங்கிவிட்டு, தண்டவாளத்தைக் கடைசியில் நினைக்கிறார்கள். உண்மையில் வெட்டு நேராக வருவதும் சுத்தமாக வருவதும் பெரும்பாலும் தண்டவாளத்தையும் பிளேடையும் பொறுத்தவை.

எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியில் 1925-இல் தொடங்கப்பட்டு இன்று ஃபெஸ்டூல் என்று அறியப்படும் நிறுவனம், 1960-களில் கைவட்ட ரம்பத்துக்கு அலுமினியத் தண்டவாளத்தை அறிமுகப்படுத்தியது. ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாததைப் போல, ரம்பத்தின் அடித்தட்டு இந்தச் சட்டத்தின் மேட்டைக் கவ்விக்கொண்டு நகர்கிறது. பலகையை நகர்த்த வேண்டியதில்லை. பலகை அசையாமல் கிடக்க, ரம்பம் அதன் மேல் ஓடுகிறது.

தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் வழுக்காமல் பிடிக்கும் பட்டைகள் உண்டு. வெட்டும் பக்க விளிம்பில் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். புதிய தண்டவாளத்தில் முதன்முறை ரம்பத்தை ஓட்டும்போது, பிளேடு இந்தப் பட்டையைத் தன் அளவுக்கு நறுக்கிவிடும். அதன் பிறகு பட்டையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழும். பென்சில் கோட்டின் மீது அந்த விளிம்பை வைத்தாலே போதும். ரம்பத்தின் அடித்தட்டு அகலத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியதில்லை.

இதே பட்டை பலகையின் மேற்பரப்பை அழுத்திப் பிடிப்பதால் சிராய் கிளம்புவதும் தடுக்கப்படுகிறது. ஆனால் இந்தக் காப்பு தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் துண்டுக்குத்தான். மறுபக்கத் துண்டையும் காக்க, சில ரம்பங்களில் பிளேடின் வெளிப்புறம் பொருத்தும் சிறிய துணைப்பட்டை உண்டு. இரண்டு துண்டுகளுமே வேலைக்கு வேண்டும் என்பவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நல்ல முகம் மேலேயா, கீழேயா?

கைவட்ட ரம்பத்தின் பிளேடு முன்பக்கத்தில் கீழிருந்து மேலாகச் சுழல்கிறது. பற்கள் பலகையின் அடியில் நுழைந்து மேலே வெளியேறுவதால் சிராய் மேல்முகத்தில்தான் பெயரும். அதனால்தான் சாதாரண வட்ட ரம்பத்தில் நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்டும் வழக்கம் வந்தது. தண்டவாள ரம்பத்தில் மேல்முகத்தைப் பட்டை அழுத்திப் பிடிப்பதால், நல்ல முகத்தை மேலே வைத்தே வெட்டலாம். மேசை ரம்பத்தில் பற்கள் மேலிருந்து கீழாக இறங்குவதால் அங்கும் நல்ல முகம் மேலே இருக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நீளம்

தண்டவாளம் பலகையை விட நீளமாக இருக்க வேண்டும். பிளேடு மரத்தைத் தொடும் முன்பே ரம்பத்தின் அடித்தட்டு தண்டவாளத்தில் சரியாக உட்கார வேண்டும். வெட்டு முடிந்து வெளியே வரும்போதும் அது தண்டவாளத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு இரு முனைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 20 முதல் 40 செ.மீ. வரை கூடுதல் தேவை.

பலகையின் 4 அடி அகலத்தைக் குறுக்கே வெட்ட 1400 மி.மீ. தண்டவாளம் போதும், இரு முனைகளிலும் சேர்த்து 180 மி.மீ. மிஞ்சும். 8 அடி நீளவாக்கில் வெட்டுவதற்கு 2700 அல்லது 3000 மி.மீ. தேவை. இரண்டு 1400 மி.மீ. துண்டுகளை இணைத்தால் 2800 மி.மீ. கிடைக்கும், 360 மி.மீ. மிஞ்சும்.

ஒரே நீளத் தண்டவாளத்தில் இணைப்பு கோணும் சிக்கல் இல்லை. ஆனால் 3 மீட்டர் சட்டத்தை அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் ஏற்றுவதும் சிறிய காரில் கொண்டுபோவதும் கடினம். சொந்தப் பட்டறை உள்ளவர்களுக்கு நீளத் தண்டவாளம் பொருந்தும். வீடு வீடாகச் சென்று வேலை செய்பவர்களுக்கு இரண்டு 1400 மி.மீ. துண்டுகளே வசதி.

இணைப்பில்தான் கவனம் தேவை. இரண்டு துண்டுகளின் முனைகளையும் ஒட்டி நெருக்கி முடுக்கினால் நேராகிவிடும் என்று நினைக்கக்கூடாது. முனை சரியான செங்கோணத்தில் அறுக்கப்படாமல் இருந்தால் இணைப்பு சற்றே வளையும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நீளமான நேர்ச்சட்டம் ஒன்றைப் பக்கவாட்டில் அணைத்து வைத்து, அதன் பிறகு திருகுகளை முடுக்குவதே பாதுகாப்பான வழி. வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவே இருந்தாலும், வெட்டிய இரு பலகைகளைச் சேர்த்து வைக்கும்போது இடுக்கு தெரியும்.

எந்தத் தண்டவாளத்தில் எந்த ரம்பம்?

எல்லா ரம்பமும் எல்லாத் தண்டவாளத்திலும் ஓடாது. ஃபெஸ்டூல், மக்கிட்டா இரண்டின் தண்டவாளங்களும் ஏறத்தாழ ஒரே அமைப்பு கொண்டவை. ஒன்றின் ரம்பம் மற்றதில் ஓடும். போஷ் நிறுவனத்தின் எஃப்.எஸ்.என். வகைத் தண்டவாளமும் மாஃபெல் தண்டவாளமும் தங்களுக்குள் பொருந்தும். ஆனால் முந்தைய குடும்பத்துடன் சேராது. டிவால்ட் தண்டவாளம் தனி அமைப்பு. அதன் இருபுறமும் பட்டை இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டலாம்.

ரம்பம் தேயும், மோட்டார் கருகும், பேட்டரி மாறும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தண்டவாளம் பல ஆண்டுகள் நிற்கும். ஆகவே தண்டவாளம் வாங்குவது ஒரு குடும்பத்தில் சேர்வதைப் போன்றது. கிளாம்ப், இணைப்புக் கம்பி, செங்கோணச் சட்டம், ஒரே அகலத்தில் பல துண்டுகள் வெட்ட உதவும் இணைச்சட்டம் என்று பின்னால் வாங்கும் எல்லாமே அந்தக் குடும்பத்தைச் சார்ந்தே அமையும். விலை மலிந்த பெயரில்லாத் தண்டவாளம் வாங்குபவர்கள் தங்கள் ரம்பத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஒரே தண்டவாளத்தை இரண்டு ரம்பங்களுக்குப் பயன்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. பட்டை முதல் ரம்பத்தின் அளவுக்கு நறுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதன் பிளேடு சற்று உள்ளே ஓடினால் பட்டை மேலும் குறையும், வெளியே ஓடினால் கோடு தவறும். பட்டை கெட்டுப்போனால் தனியாக வாங்கி மாற்றலாம்.

ரம்பத்தில் பார்க்க வேண்டியவை

வீட்டு வேலைக்கு 160 அல்லது 165 மி.மீ. பிளேடு கொண்ட ரம்பம் போதும். இது சுமார் 55 மி.மீ. ஆழம் வரை வெட்டும். 18 மி.மீ. பலகைக்கு இது தாராளம். கதவின் அடியைச் செதுக்கவும் உதவும். 210 மி.மீ. பிளேடு ரம்பங்கள் தடித்த மரத்துக்கானவை, எடையும் அதிகம்.

மின்கம்பி ரம்பமா, பேட்டரி ரம்பமா என்பது வேலையிடத்தைப் பொறுத்தது. மின்சாரம் இன்னும் வராத புது வீடுகளில் பேட்டரி உதவும். ஏற்கெனவே அதே நிறுவனத்தின் பேட்டரி கைவசம் இருந்தால் செலவும் குறையும். ஒரே இடத்தில் நாள் முழுக்க வெட்டுபவர்களுக்கு மின்கம்பி வகையே சிக்கனம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான 120 வோல்ட் ரம்பத்தையோ ஜப்பானுக்கான 100 வோல்ட் ரம்பத்தையோ நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாக வைத்துக்கொண்டே வேலை செய்தால் அது சூடேறும். முழுவதும் விரித்துப் பயன்படுத்த வேண்டும்.

மக்கிட்டா எஸ்.பி. 6000 போன்ற சில ரம்பங்களில் முதலில் 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கீறிவிட்டு, பிறகு முழு ஆழத்துக்கு வெட்டும் வசதி உண்டு. எளிதில் பிய்ந்துபோகும் மெலமைன் பலகைக்கு இது மிகவும் பயன்படும்.

பிளேடு: மலிவான, பெரிய மாற்றம்

பற்கள் குறைந்த பிளேடு மரத்தை வேகமாகப் பிளக்கும். பற்கள் கூடிய பிளேடு மெதுவாக, வழவழப்பாக வெட்டும். பிளைவுட், மெலமைன் இரண்டுக்கும் 48 பற்கள் நல்ல தேர்வு. தடித்த மரத்தை நீளவாக்கில் அறுக்க 12 அல்லது 14 பற்கள் போதும். மாற்று பிளேடு வாங்கும்போது விட்டம், நடுத்துளை, அனுமதிக்கப்பட்ட சுழற்சி வேகம் மூன்றும் ரம்பத்துக்குப் பொருந்த வேண்டும். இவ்வகை ரம்பங்கள் பலவற்றில் நடுத்துளை 20 மி.மீ.

பிளேடின் தடிப்பும் கணக்கில் வரும். 2.2 மி.மீ. அகலமாக வெட்டும் பிளேடால் 1220 மி.மீ. பலகையை நான்காகப் பிரித்தால் மூன்று வெட்டுகளில் 6.6 மி.மீ. தூளாகிப் போகும். ஒவ்வொரு துண்டும் 305 மி.மீ. கிடைக்காது; 303 மி.மீ. சொச்சமே கிடைக்கும். வரைபடம் போடும்போதே இதைக் கழித்துவிட வேண்டும்.

நேர்வெட்டு வேறு, செங்கோணம் வேறு

தண்டவாளம் வெட்டை நேராக்கும், செங்கோணமாக்காது. இரு விளிம்புகளிலும் அளந்து குறித்து, இரண்டு குறிகளுக்கும் தண்டவாளத்தைப் பொருத்த வேண்டும். மூலையைச் சோதிக்க ஒரு பக்கத்தில் 60 செ.மீ., மறுபக்கத்தில் 80 செ.மீ. குறித்து, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 100 செ.மீ. வர வேண்டும். முழுப் பலகையாக இருந்தால் இரு மூலைவிட்டங்களையும் அளக்கலாம். 2440-க்கு 1220 பலகையில் இரண்டும் 2728 மி.மீ. இருந்தால் பலகை சதுரிப்பாக இருக்கிறது என்று பொருள்.

விரலும் நுரையீரலும்

வெட்டும்போது பலகை நடுவில் தொய்ந்தால் வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். ரம்பம் வெட்டுபவரை நோக்கி எகிறும். பலகையின் இரு பாதிகளுக்கும் அடியில் தாங்கல் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். தரையில் தடித்த நுரைப்பலகையை விரித்து அதன் மேல் பலகையைக் கிடத்துவது எளிய வழி. பிளேடு பலகையின் தடிப்பை விட 3 முதல் 5 மி.மீ. மட்டும் கூடுதலாக இறங்கினால் போதும். பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டுவாயை மூடவிடாமல் காக்கும் மெல்லிய தகடு உள்ள ரம்பம் பாதுகாப்பானது. ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றே ஒதுங்கி நின்று தள்ள வேண்டும். பிளேடை மாற்றும் முன் மின்செருகியைப் பிடுங்கியோ பேட்டரியைக் கழற்றியோ வைப்பது கட்டாயம்.

மரத்தூசியையும், எம்.டி.எஃப். முதலிய பலகைகளின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை வகைப்படுத்தியுள்ளது. தண்டவாள ரம்பங்களில் தூசி வெளியேறும் குழாய்வாய் உண்டு. அதில் வேக்கும் இயந்திரத்தைப் பொருத்தினால் தூசியின் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். மிஞ்சுவதற்கு முகக்கவசம் வேண்டும். வீட்டுக்குள் ஆட்கள் குடியிருக்கும்போது செய்யும் வேலையில் இது அந்த வீட்டுக் குழந்தைகளுக்குமான பாதுகாப்பு.

எல்லாரும் வாங்க வேண்டுமா?

ஓர் அலமாரி மட்டும் செய்ய நினைப்பவர்கள் இக்கருவியை வாங்கத் தேவையில்லை. பலகைக் கடைகள் பலவற்றில் பெரிய ரம்பத்தில் அளவு சொன்னபடி வெட்டித் தருகிறார்கள். அளவுப் பட்டியலைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும்.

சாதாரண வட்ட ரம்பம் கைவசம் இருப்பவர்கள் தாங்களே வழிச்சட்டம் செய்துகொள்ளலாம். 6 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. அகலத் துண்டு ஒன்றும், அதன் மேல் ஒட்ட, தொழிற்சாலையில் வெட்டிய நேர் விளிம்புள்ள 10 செ.மீ. அகலத் துண்டு ஒன்றும் தேவை. குறுகிய துண்டை அகலத் துண்டின் ஒரு பக்க ஓரமாக, நேர் விளிம்பு உள்நோக்கி இருக்குமாறு பசையும் திருகும் இட்டு இணைக்க வேண்டும். பிறகு அந்த நேர் விளிம்பை அணைத்து ரம்பத்தை ஒருமுறை ஓட்டினால், அடிப்பலகையின் மிச்சம் நறுக்கப்பட்டு, வெட்டு விழும் இடம் துல்லியமாகக் கிடைக்கும். இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டுப் பயன்படுத்தலாம். இது ரம்பத்தைக் கவ்விப் பிடிக்காது என்பதால் ரம்பத்தைச் சட்டத்தோடு அணைத்தே தள்ள வேண்டும்.

வாரந்தோறும் பலகை வெட்டிப் பிழைக்கும் இளையோருக்குத்தான் தண்டவாள ரம்பம் முதலீடு. கடைக்குப் போகும் முன் ரம்பம், தேவையான நீளத்துக்குத் தண்டவாளம், இணைப்புக் கம்பிகள், இரண்டு கிளாம்ப், 48 பல் பிளேடு ஆகிய ஐந்தின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். பணம் பற்றவில்லை என்றால் ரம்பத்தில் ஒரு படி இறங்கலாம். தண்டவாளத்திலும் பிளேடிலும் இறங்கக்கூடாது.