மிலிட்டரி டிஸபிலிட்டி பென்ஷன்: எந்தத் தேதியில் இருந்து கணக்கு?

பள்ளிபாளையம் பக்கம் மில் கேட்டிலோ, ஏ.டி.எம் வாசலிலோ செக்யூரிட்டியாக நிற்கும் மிலிட்டரிக்காரரைப் பார்த்திருப்பீர்கள். சிலர் லேசாக விந்தி நடப்பார்கள். சிலருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. 'இதுக்குத் தனியா பென்ஷன் வருதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அப்பவே ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, விட்டுட்டேன்' என்று சொன்னால், அந்த 'விட்டுட்டேன்' என்ற வார்த்தையின் விலை லட்சக்கணக்கில் இருக்கலாம்.

முதலில் அடிப்படை. பணிக்காலம் முடிந்து வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு உங்கள் பாதிப்பைச் சதவிகிதத்தில் எழுதும். பாதிப்பு 20 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருந்து, அது பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்றும் ஏற்கப்பட்டால், டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே கணக்கு தொடங்கிவிடும். மார்ச் 31-ல் வந்தால் ஏப்ரல் 1. இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் ரிஜெக்ட் ஆனவர்களுக்குத்தான். நிராகரிப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால் இரண்டாவது அப்பீல், பிறகு சென்னையில் உள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். பல வருஷம் கழித்துப் போனாலும் கதவு மூடிவிடாது. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் அதைத் 'தொடரும் தவறு' என்று கோர்ட் பார்க்கிறது. ஆனால், பழைய பாக்கி முழுசா வராது.

இதைச் சொன்னது 2008 ஆகஸ்ட்டில் வந்த தர்செம் சிங் வழக்குத் தீர்ப்பு. அவர் 1983 நவம்பரில் உடல்நிலை காரணமாக ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர். ஹைகோர்ட்டுக்குப் போனது 1999-ல். பென்ஷன் உண்டு, ஆனால் வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷ பாக்கி மட்டும்தான் என்றது சுப்ரீம் கோர்ட். அதற்கு முந்தைய 13 வருஷம் போனது போனதுதான். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 'அப்பீல் போடலாம்'னு கூட தெரியாமல் ஊருக்கு வந்த சிப்பாய்க்கு இது கொஞ்சம் கடுமைதான்.

நம்மூர் கணக்குக்கு வருவோம். 2010 மார்ச் 31-ல் 40 சதவிகித பாதிப்போடு ஒருவர் ஓய்வு பெற்றார், கடைசியாகக் கணக்கில் எடுத்த சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவிகித பாதிப்புக்கு அந்தச் சம்பளத்தில் 30 சதவிகிதம், அதாவது 6,000. 50-க்குக் கீழே உள்ள பாதிப்பை 50 ஆக உயர்த்தும் சலுகை உண்டு. அப்படியென்றால் இவருக்கு மாதம் 3,000. அவர் 2024 ஏப்ரலில் வழக்குப் போட்டால், 3 வருஷக் கணக்குப்படி 2021 ஏப்ரலில் இருந்துதான் பாக்கி. இடையில் போன 132 மாதத்துக்கு 3,96,000 ரூபாய் காலி. அகவிலைப்படியும் பே கமிஷன் உயர்வும் சேர்க்காமலே இவ்வளவு.

அந்த '40-ஐ 50 ஆக்கும்' சலுகைக்கும் தனித் தேதி இருக்கிறது. அரசுக் கடிதம் வந்தது 31.1.2001, அமல் தேதி 1.1.1996. கடிதம் எழுதிய நாளும் அமலுக்கு வரும் நாளும் வேறு வேறு என்பதை இங்கே கவனியுங்க. முதலில், பாதிப்பால் பாதியிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது. முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 21.9.2023-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கோ புதிய தகுதி விதிகள். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த ஆர்டரை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

அமெரிக்காவில், 'கிளெய்ம் போடப் போகிறேன்' என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால், தெரிவித்த நாளையே தொடக்க நாளாகப் பிடித்துக்கொள்ளலாம். நம்மிடம் அப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவோ பேருக்கு உதவும்.

இப்போது வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு அறிக்கை, பென்ஷன் ஆர்டர், நிராகரிப்புக் கடிதம், இந்த நான்கும் வேண்டும். எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். எதைக் கொடுத்தாலும் தேதியோடு சீல் போட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைத் தொலைக்காதீர்கள். நாளைக்கு 'எப்போ கேட்டீங்க?' என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தான்.