சுவருக்கு உள்ளே கடற்காற்று

கல்லூரி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "காம்பஸ் நல்லா இருக்கு" என்பார்கள். அப்பா சொன்னால் மதில் உயரமாக இருக்கிறது, கேட்டில் காவலர் இருக்கிறார் என்று பொருள். அம்மா சொன்னால் விடுதியும் கழிப்பறையும் சுத்தமாக இருக்கின்றன என்று பொருள். மகள் சொன்னால் என்ன பொருள் என்பதை யாரும் விரித்துக் கேட்பதில்லை.

தமிழ் மன்றத் தொடக்க விழாக்களுக்கும் கவிதைப் போட்டிகளுக்கும் இருபது ஆண்டுகளாகப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போய்வருகிறேன். உள்ளே நுழைந்த பத்து நிமிடங்களில் ஏதோ ஒன்று புரிந்துவிடும். சில வளாகங்களில் மாணவிகள் பாதையின் நடுவில் கைகோத்து நடக்கிறார்கள். சிலவற்றில் சுவரை ஒட்டி நடக்கிறார்கள். சில இடங்களில் முதல்வரைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. வேறு சில இடங்களில் சிரித்தபடியே வணக்கம் சொல்கிறார்கள். கல்லூரிச் சூழல், கல்லூரி உணர்வு என்றெல்லாம் நாம் சொல்வது இதைத்தான். ஆண்டு மலரில் அச்சாகும் குறிக்கோள் வாசகத்தைவிட, நடக்கிற கால்களில்தான் அது தெளிவாகத் தெரிகிறது. இந்த நடைக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னைக் கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரியை வைத்து அதைப் பார்க்கலாம்.

அதற்கு முன் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கும் இடம். முத்துலட்சுமி என்ற பெண் அங்கே சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் ஒருத்தி வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர் என்பதும் அந்த எதிர்ப்புக்குள் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதித்த பிறகுதான் அவரால் சேர முடிந்தது. வகுப்பில் அவரை மாணவர்கள் பார்க்காதபடி மறைப்பு வைத்தார்கள். பின்னாளில் மருத்துவராகி, 1927இல் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும் ஆன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கல்லூரி வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

அந்த மறைப்பின் பின்னால் இருந்தும் பாடத்தைக் கேட்கலாம், தேர்வு எழுதலாம், முதல் மதிப்பெண்கூட வாங்கலாம். ஆனால் அந்தக் கல்லூரியை 'என் கல்லூரி' என்று சொல்லிக்கொண்டு மரத்தடியில் உட்கார முடியாது. பாடம் கிடைக்கும், வளாகம் கிடைக்காது. மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, குழந்தை விதவை. தெருவில் நடப்பதையே குற்றமாகப் பார்த்த சமூகத்தில் அவர் வகுப்புக்குப் போனார். அந்தத் தலைமுறைப் பெண்கள் பிறருடைய கல்லூரிகளில் விருந்தாளிகளாக, பல நேரம் வேண்டாத விருந்தாளிகளாகப் படித்தவர்கள்.

1914 ஜூலையில் சென்னையில் பெண்களுக்கென்று ஓர் அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. முதலில் அதன் பெயர் சென்னைப் பெண்கள் கல்லூரி. 1917இல் குயின் மேரிஸ் கல்லூரி ஆனது. சேர்ந்தவர்கள் 37 பேர். முதல்வர் டொரோத்தி டி லா ஹே. இடம், மெரினாவுக்கு எதிரே இருந்த கேப்பர் இல்லம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஒருவரின் வீடாக இருந்து பின்னர் ஓட்டலாக மாறிய கட்டடம் அது. அடுத்து, புகழ்பெற்ற வழக்கறிஞர் வி. பாஷ்யம் அய்யங்காரின் கடற்கரை வீடும் கல்லூரிக்கு வந்தது. ஆளுநரின் பெயரால் அதைப் பென்ட்லண்ட் இல்லம் என்றார்கள். மறு ஆண்டே, 1915இல், எலினர் மக்டூகலை முதல்வராகக் கொண்டு பெண்கள் கிறித்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, பின்னர் டவ்டன் இல்லம் என்ற பழைய தோட்ட வீட்டுக்குக் குடியேறியது.

இரண்டு கல்லூரிகளுமே ஆண்களின் மாளிகைகளில் தொடங்கியவை. படை அதிகாரி நின்று கடலைப் பார்த்த மாடத்தில் திருநெல்வேலியிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்த பெண்கள் புத்தகத்தோடு நின்றார்கள். அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களைப் படிக்கவிட்டு, தேர்வும் எழுதவிட்டு, பட்டம் மட்டும் தர மறுத்துக்கொண்டிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு 1920இல் இறங்கி வந்தது, கேம்பிரிட்ஜ் 1948இல்தான். 1921இல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை மறுக்கப்பட்டதும், வெற்றியைக் கொண்டாடக் கிளம்பிய ஆண் மாணவர்கள் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியின் வாயிற்கதவைக் கைவண்டியால் இடித்துச் சேதப்படுத்தினார்கள். அதுவும் கல்லூரி உணர்வுதான். 'எங்கள் கல்லூரி' என்ற பெருமிதத்துக்குள் யாரை வெளியே நிறுத்துவது என்ற கணக்கும் இருந்தது.

சென்னைக்குத் திரும்புவோம். பெண்களை இந்தக் கல்லூரிகளுக்கு அனுப்பக் குடும்பங்கள் சம்மதித்ததற்கு முக்கியக் காரணம் மதில்தான். அகத்திணை படித்தவர்களுக்கு 'இற்செறிப்பு' என்ற சொல் தெரியும். தினைப்புனத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி ஊரில் அலர் எழும்புகிறது. உடனே அவளை வீட்டுக்குள் வைத்துக் காவல் போடுகிறார்கள். பாடம் நடத்தும்போது இது தலைவியின் துயரத்தைக் கூட்டும் ஒரு துறை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். என் மாணவிகளுக்கு அது துறை இல்லை, போன வாரம் வீட்டில் நடந்தது. விடுதிக் கதவு மூடும் நேரம், கையெழுத்துப் போடும் பதிவேடு, பார்வையாளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் சந்திக்கலாம் என்ற விதி, எல்லாமே இற்செறிப்பின் வாரிசுகள்.

ஆனால் பெண்கள் கல்லூரியின் மதிலுக்கு உள்ளே இன்னொன்றும் நடந்தது. அங்கே தினைப்புனமும் இருந்தது. நாடகம் போட்டால் அரசனும் பெண், அமைச்சனும் பெண், கோமாளியும் பெண். மன்றத் தேர்தலில் நிற்பவளும் தோற்பவளும் பெண். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டுத் திட்டு வாங்குகிறவளும் பெண். ஆண்கள் பார்க்காத இடத்தில் உரக்கப் பேசவும், ஓடவும், தோற்கவும் கிடைத்த வாய்ப்பு சிறியதல்ல.

தலச்சேரியிலிருந்து வந்து குயின் மேரிஸில் படித்த ஜானகி அம்மாள், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் முனைவரானார். திருமணம் செய்துகொள்ளாமல் கரும்பின் குரோமோசோம்களோடு வாழ்ந்தார். பின்னாளில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியும் குயின் மேரிஸ் மாணவிதான். இவர்களை அந்தக் கல்லூரிதான் உருவாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். மறைப்புக்குப் பின்னால் உட்காராமல் படிக்கத் தொடங்கிய முதல் தலைமுறையில் இவர்கள் இருந்தார்கள் என்பது போதும்.

இந்தத் தினைப்புனம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. குயின் மேரிஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லம் அங்கே இயங்கியது. அந்த வேலையின் துணிச்சலைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது பார்ப்பன விதவைகளுக்கான இல்லம். அன்றைய கல்லூரிகளுக்கு வந்தவர்களும் பெரும்பாலும் மேல்சாதி, வசதியுள்ள, அல்லது கிறித்துவப் பள்ளிகளின் வழியாக வந்த குடும்பத்துப் பெண்கள். சேற்றில் நாற்று நட்ட பெண்ணுக்கு இற்செறிப்பும் இல்லை, கல்லூரியும் இல்லை. பழைய மாணவியர் நினைவுகளில் ததும்பும் 'அந்தக் காலத்துச் சூழல்' யாருடைய சூழல் என்று கேட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இது மெல்ல மாறியது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு, இட ஒதுக்கீடு உண்டு. மீனவக் குப்பங்களிலிருந்தும், வடசென்னையிலிருந்தும், மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் வந்தார்கள். மேட்டுக்குடிப் பெண்களின் கல்லூரி என்ற பெயர் போனது. கூடவே, ஊரின் கவனமும் குறைந்தது. பழைய கட்டடங்கள் ஒழுகின. அழகு குறைந்த வளாகத்தில் உணர்வும் குறைந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

2003 ஏப்ரலில் அந்த நினைப்புக்குப் பதில் கிடைத்தது. கல்லூரியை இடித்துவிட்டு அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள், பழைய மாணவியர், பெண்கள் அமைப்புகள் துணைக்கு வந்தார்கள். அவர்களைப் பார்க்க உள்ளே போன தி.மு.க.வின் மு.க. ஸ்டாலின், அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு செய்தித்தாள்களில் அது இரண்டு கட்சிகளின் சண்டை ஆனது. தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் படத்தின் பின்னணிக்குப் போனார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி நின்றது.

இடிக்கச் சொன்ன முதலமைச்சர் ஜெயலலிதா ஒரு பெண். பள்ளியில் சிறந்த மாணவியாக இருந்தும், கல்லூரிக்குப் போக ஆசை இருந்தும், சினிமாவுக்குள் கொண்டுவரப்பட்டவர். அவருக்கு ஒரு வளாகம் கிடைத்திருந்தால் இந்த முடிவு எடுத்திருக்க மாட்டார் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோப்பில் அது கடலைப் பார்த்த விலையுயர்ந்த நிலமாகத் தெரிந்திருக்கிறது. முதல் தலைமுறை மாணவிக்கு அது வீட்டையும் வேலையையும் தவிர நகரத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். "வேறு இடம் தருகிறோம்" என்று அவளிடம் சொன்னால், தலைமுறை தலைமுறையாக அவள் குடும்பம் கேட்டுவந்த வாக்கியம் அது.

அந்த நாட்களில் உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்குக் கேப்பர் யார், பென்ட்லண்ட் யார் என்று தெரிந்திருக்கும்? தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஓட்டலாக இருந்த இடத்தை 89 ஆண்டுகளாக நடந்து நடந்து தங்களுடையதாக ஆக்கிய பெண்களின் வரிசையில் அவர்கள் இருந்தார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாமல் காக்க எழுப்பிய அதே மதிலுக்குள்ளிருந்து, வெளியே போக மாட்டோம் என்று சொன்னார்கள். கேப்பர் இல்லம் இன்று இல்லை. அந்தப் பெண்கள் காப்பாற்றியது அதனால் குறைந்துவிடவில்லை.

இப்போது கல்லூரி பார்க்கக் கிளம்பும் மாணவிகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் சில வார்த்தைகள். மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் போகாதீர்கள். அன்று பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்திருக்கும், மாணவிகள் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நிற்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் போங்கள். நூலகத்தில் உட்கார இடம் இருக்கிறதா, எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டு மைதானத்தில் ஆள் இருக்கிறார்களா, கார்கள் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். அறிவிப்புப் பலகையில் துப்பட்டா பற்றிய சுற்றறிக்கை எத்தனை, கருத்தரங்கு பற்றியது எத்தனை என்று எண்ணுங்கள். பாலியல் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா, அழைக்கிற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். துப்புரவுப் பணியாளரை மாணவிகள் 'அக்கா' என்று கூப்பிடுகிறார்களா என்று காது கொடுங்கள்.

நான் போன ஒரு தனியார் கல்லூரியில், கவிதை வாசிக்க வேண்டிய மாணவிகளின் கவிதைகளை முதல் நாளே வாங்கிப் படித்து, 'காதல்' என்ற சொல் வந்த இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பெண் மேடையேறி அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் ஒரு கணம் நிறுத்தி, மௌனமாக இருந்துவிட்டுத் தொடர்ந்தாள். மூன்றாவது மௌனத்தின்போது அரங்கம் முழுக்கச் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொன்னது. பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வரிசையிலிருந்து குரல் வந்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் பரிசு அவளுக்கே கொடுத்தேன்.