புரை

பெயர்ச்சொல். அடிப்படைப் பொருள் உட்துளை, பொள்ளல். அதிலிருந்து குறை, குற்றம் என விரிந்தது. திருக்குறளில் குற்றம் என்ற பொருளில் வருகிறது. தொல்காப்பியம் ‘உயர்வு’ என்றும் பொருள் சொல்கிறது. ஆறாத புண் ‘புரையோடிப் போச்சு’ என்போம். 

உலோகத்திலும் புரை உண்டு. அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் அதை அணுப்புரை எனலாம். லாந்தனம்–நிக்கல் கலவை ஹைட்ரஜனை உறிஞ்சும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 25 சதவீதம் பெருகுகிறது. அந்த நெருக்கடியில் இத்தகைய புரைகள் பெருகும். இவற்றைக் கண்டறிய உதவுவது 1932இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் கண்டுபிடித்த பாசிட்ரான். எலக்ட்ரானின் எதிர்த்துகளான அது, எலக்ட்ரானைச் சந்தித்தால் அழிந்துவிடும். சோடியம்-22 உமிழும் பாசிட்ரான், புரையில் சிக்கினால் அங்கே எலக்ட்ரான் குறைவென்பதால் சற்று அதிக நேரம் வாழும். குறையற்ற அலுமினியத்தில் அதன் ஆயுள் சுமார் 165 பிக்கோ நொடி. புரையில் சுமார் 250. ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. புரைக்குள் ஹைட்ரஜன் குடியேறினால் அந்த ஆயுள் குறையும்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாசிட்ரான் கொண்டு உலோகக் குறைகளை ஆராய்கிறார்கள்.