லெனின்கிராடின் செப்புக் கண்ணாடி

2023இல் வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகளுக்கு, அதாவது அளவு மாறினால் நிறம் மாறும் நானோ படிகங்களுக்குப் போனபோது, என்னிடம் வந்த மாணவர்கள் எல்லோரும் காட்மியத்தைப் பற்றியும் தொலைக்காட்சித் திரையைப் பற்றியுமே பேசினார்கள். ஒளியியல் பாடம் நடத்தியே தலை நரைத்த எனக்கு அதில் ஒரு மனக்குறை. கதை தொடங்கியது கண்ணாடிக்குள் கிடந்த செப்பு குளோரைடில். அதாவது, ஓர் உலோக ஹாலைடில். ஊர் லெனின்கிராட், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

குளிரவைத்து ஒளியைப் பார்க்கும் வழக்கம் அந்த ஊர் ஆய்வாளர்களுக்கு முன்பே இருந்தது. 1931இல் லெனின்கிராட் இயற்பியலாளர் யாகோவ் ஃப்ரெங்கெல் எக்சைட்டான் என்ற கருத்தை முன்வைத்தார். ஒளியை விழுங்கிய படிகத்தில், கிளம்பிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் பிரியாமல் ஒரு ஜோடியாகத் திரியும் என்று இன்று அதை விளக்குகிறோம். இருபது ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் அதே ஊரின் யெவ்கேனி கிராஸ், செப்பு ஆக்சைடைக் கடுங்குளிரில் வைத்து அந்த ஜோடியின் தடத்தை நிறமாலையில் வரிசையான கோடுகளாகக் கண்டார்.

குளிர் ஏன் வேண்டும்? அறை வெப்பத்தில் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஜோடியின் மீது அது மோத மோத, கூர்மையான கோடு பருத்துப் பட்டையாகிறது. சூடு இன்னும் ஏறினால் ஜோடி பிரிந்துபோகும்; அல்லது படிகத்தில் உள்ள ஏதாவது ஒரு குறையில் சிக்கி, ஒளி தராமல் வெறும் வெப்பமாகக் கரையும். காட்மியம் செலினைடில் அந்த ஜோடியின் பிணைப்பு ஏறக்குறைய 15 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். செப்பு குளோரைடில் அது 190ஐ ஒட்டியது. அறை வெப்பத்திலும் பிரியாத ஜோடி அது. ஆனாலும் கோடு பருப்பதிலிருந்து அதுவும் தப்பவில்லை.

வாவிலோவ் அரசு ஒளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸி எகிமோவ் இதையெல்லாம் அறிந்தவர். அவர் கையில் எடுத்தது கண்ணாடித் தொழிலாளிகளுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சங்கதி: ஒரே நிறமிப் பொருளைப் போட்டாலும், எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்துக் கண்ணாடியின் நிறம் மாறும். அவர் செப்பு குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை, ஒரு மணி நேரம் தொடங்கி 96 மணி நேரம் வரை சூடேற்றிப் பார்த்தார். பாகுக்குள் கற்கண்டு விளைவதைப் போலக் கண்ணாடிக்குள் படிகங்கள் விளைந்தன. எக்ஸ் கதிரில் அளந்தபோது சில 2 நானோமீட்டர், சில 30. சிறியவை கரைந்து பெரியவற்றைக் கொழுக்கவைக்கும் இந்த வளர்ச்சிக்கு லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் முன்பே கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதன்படி நேரத்தை எட்டு மடங்காக்கினால் படிகத்தின் சராசரி ஆரம் இரண்டு மடங்காகும்.

பிறகு எகிமோவும் அவருடைய சக ஆய்வாளர் ஒனுஷ்செங்கோவும் அந்தக் கண்ணாடியை 4.2 கெல்வினுக்கு, திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனார்கள். எக்சைட்டான் கோடுகள் மெலிந்து தெளிந்தன. படிகம் சிறுக்கச் சிறுக்க அவை நீலப் பக்கம் நகர்வது ஐயமறத் தெரிந்தது. 1981இல் சோவியத் இதழில் முடிவு வெளியானது. பரிசுச் செய்திகள் உலையைப் பற்றி ஒரு வரியாவது சொல்லின. ஹீலியம் குடுவையை நான் ஒன்றிலும் காணவில்லை. அந்தக் குளிர் இல்லையென்றால் உலையின் வேலையில் பாதி கண்ணுக்கே பட்டிருக்காது என்பது என் கட்சி. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தின் லூயிஸ் புரூஸ் இதை அறியாமலேயே 1983இல் திரவத்தில் மிதக்கும் துகள்களில் இதே விளைவைக் கண்டார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

செப்பு குளோரைடின் பலவீனம் ஜப்பானில் வெளிப்பட்டது. 1993இல் சுகுபாவில் மசுமோட்டோ குழுவினர், உப்புப் படிகத்துக்குள் புதைந்த செப்பு குளோரைடுத் துகள்களை 77 கெல்வினில் லேசராக ஒளிரச் செய்தார்கள். 108 கெல்வின் வரைதான் அது தாக்குப்பிடித்தது. அதாவது மைனஸ் 165 டிகிரி. சாதனைதான். ஆனால் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டிய விளக்கை யார் வாங்குவார்கள்?

அறை வெப்பத்தில் பளிச்சென்று ஒளிரும் உலோக ஹாலைடு பின்னால் வந்தது. அதுதான் சீசியம் ஈய ஹாலைடு. பொருள் பழையது: அதை 1893இலேயே அமெரிக்காவில் யேல் பல்கலையின் ஹோரஸ் வெல்ஸ் தயாரித்திருந்தார். 1958இல் டென்மார்க்கின் மொல்லர் அதன் படிக அமைப்பை ஆராய்ந்தார். அப்போதெல்லாம் அது ஒளிர்வுக்காகப் பேசப்படவில்லை. 2015இல் சூரிச்சில் மக்சிம் கோவலெங்கோ குழுவினர் அதையே சூடான எண்ணெய் போன்ற கரைப்பானில், 140 முதல் 200 டிகிரியில், நானோ படிகமாக்கினார்கள். சில நொடிகளில் பனிக்கட்டி நீரில் குளிரவைத்து வளர்ச்சியை நிறுத்தியாக வேண்டும். எகிமோவுக்கு 96 மணி நேரம்; இங்கே ஐந்து நொடி! விழுங்கிய ஒளியில் 90 விழுக்காடு வரை திரும்ப வந்தது.

இதற்கும் வெப்பத்தோடு விசித்திரமான உறவு. பெரும்பாலான குறைகடத்திகள் குளிர்ந்தால் ஒளி நீலப் பக்கம் நகரும். சீசியம் ஈய புரோமைடின் பச்சையோ குளிரில் சிவப்புப் பக்கம் சாய்கிறது. செப்பு குளோரைடும் அந்த வழியில்தான் போகும். இன்னொன்று, காட்மியத் துகள்கள் கடுங்குளிரில் ஒளியை நெடுநேரம் பிடித்துவைத்து மெதுவாக விடும். சீசியம் ஈய ஹாலைடு சட்டென்று விட்டுவிடும். கடுங்குளிரில் மற்ற குறைகடத்தி நானோ படிகங்களைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகத்தில். 2018இல் இதை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அலெக்சாண்டர் எஃப்ரோஸ். 1982இல் எகிமோவின் செப்புக் கண்ணாடிக்குக் கணக்கு எழுதியவரும் அவரே.

நானோ படிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்த ஒளிர்வு வரைபடம் கைக்கு வந்தாலும், அது எத்தனை கெல்வினில் எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். அந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.