விரைக்குள் ஒரு அட்ரீனல்

எங்கள் மந்தாரக்குப்பம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்னும் நடக்கத்தான் செய்கிறது. அதனாலேயே பரம்பரை நோய்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பேன். அதில் ஒன்று, பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். ஐ.சி.எம்.ஆர். ஐந்து நகரங்களில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்ததில் 5,762 பேருக்கு ஒருவர் என்று 2018ல் கணக்கு வந்தது. சென்னையில் மட்டும் 2,036க்கு ஒருவர்!

சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியால் போதிய கார்டிசால் சுரக்க முடியாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி "இன்னும், இன்னும்"னு ஏ.சி.டி.எச். ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அட்ரீனல் வீங்கும். சரி, விரைக்கு இதில் என்ன வேலை?

1940ல் அமெரிக்க மருத்துவர் லாசன் வில்கின்ஸ், இந்த நோயால் இறந்த ஒரு சிறுவனைப் பற்றித் தன் சகாக்களோடு எழுதினார். விரையில் அட்ரீனல் போன்ற கட்டி வருவதற்கு முதல் பதிவு அதுதான். அது எப்படி அங்கே போனது? கருவில் அட்ரீனலும் விரையும் ஒரே திசுவிலிருந்து பிரிகின்றன. பிரியும்போது ஒட்டிக்கொண்ட சில செல்கள் விரையோடு கீழே இறங்கியிருக்கலாம் என்பது பழைய விளக்கம். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் 1883லேயே, கருப்பையை ஒட்டிய சவ்வில் இப்படிப்பட்ட அட்ரீனல் துணுக்குகளைக் கண்டிருந்தார்.

இன்னொரு கட்சியும் உண்டு. எலிக்கருவின் விரை ஏ.சி.டி.எச்.சுக்கு நேரடியாகவே இசைந்து டெஸ்டோஸ்டீரோன் சுரக்கிறது என்று 2003ல் ஓ'ஷாநெஸி குழு காட்டியது. வளர்ந்த எலியில் அந்த இசைவு இல்லை. 2006ல் எலிக்கருவின் விரைக்குள்ளேயே அட்ரீனல் போன்ற செல்கள் தென்பட்டன. ஆக, வளரும் விரைக்கே அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. வந்து ஒட்டியவையா, அங்கேயே உருவானவையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இது வெறும் ஆய்வுக்கூடச் சண்டை இல்லை. நுண்ணோக்கியில் இந்தக் கட்டி லேடிக் செல் கட்டி மாதிரியே தெரியும். அப்படி எண்ணி விரையையே அறுத்தெடுத்த கதைகள் மருத்துவ இலக்கியத்தில் நிறைய. இரண்டு பக்கமும் கட்டி, கூடவே இந்த நோய் என்றால் கத்தியை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். 1950ல் வில்கின்ஸ் கார்டிசோன் கொடுத்துப் பார்த்ததிலிருந்து வழி தெரியும்: மாத்திரை சரியாகப் போனால் ஏ.சி.டி.எச். தணியும், பல கட்டிகள் சுருங்கும். ஆனால் நாள்பட்டு இறுகிய கட்டி மாத்திரைக்கு அடங்காது. விந்து போகும் பாதையை அழுத்திப் பிள்ளைப்பேற்றையே கெடுக்கும்.

பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் மாற்றத்தைப் பார்த்துச் சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதனால் தவறிவிடும். இந்த நோய் உள்ள பையன் வீட்டில் இருந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வயதுக்கு வரும் முன்பே விரைக்கு ஒரு ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்படாது.